பக்கம் 143

போன மாதம் அக்கா போன் செய்தாள். "என்னடி, அந்தப் பச்சை அட்டை நாவல், தடியா இருக்குமே, நீ படிச்சுட்டேதானே? எப்படி?"

"அருமையான புத்தகம்க்கா. கண்டிப்பா படி."

"முடிவு சோகமா? எனக்கு இப்போ சோகம் ஒத்துக்காது. கதையைச் சொல்லாதே. சோகமா, இல்லையான்னு மட்டும் சொல்லு."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று தலைமுறை, பெரிய வீடு, ஒரு பாகப்பிரிவினை, கண் தெரியாத ஒரு பெரியவர் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. முடிவை மட்டும் காணோம். "இரு அக்கா, கூப்பிடறேன்" என்று போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து 2021-ஆம் வருட நோட்டை எடுத்தேன். அந்த நாவலின் வரி. ஆரம்பித்த தேதி ஆகஸ்ட் 2. முடித்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே: "பக்கம் 143. தாங்கவில்லை. நிறுத்திவிட்டேன்."

புத்தகம் மொத்தம் 400 பக்கத்துக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு படித்துவிட்டு, இத்தனை வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் படி படி என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் படித்துவிட்டு வந்து நன்றி வேறு சொன்னார். இருவரும் உட்கார்ந்து அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினோம். அந்த அரை மணி நேரம் நான் என்ன பேசியிருப்பேன் என்று நினைத்தால் கூசுகிறது.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. முடித்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

படித்ததைக் குறித்து வைக்க ஆரம்பித்தது 2019-இல். காரணம் பெருமைப்படும்படியானது அல்ல. ஒரு புத்தகத்தை வாங்கிவந்து, பத்துப் பக்கம் ரசித்துப் படித்து, இந்த ஆளை இவ்வளவு நாள் எப்படித் தவறவிட்டேன் என்று வியந்து, அலமாரியில் வைக்கப் போனால் அதே புத்தகம் ஏற்கெனவே அங்கே நிற்கிறது. எடுத்துப் புரட்டினால் உள்ளே பென்சில் கோடுகள். என் கோடுகள். ஓர் ஓரத்தில் "அபாரம்!" என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருந்தேன். அந்த அபாரத்தில் ஒரு துளிகூட மண்டையில் தங்கவில்லை.

பிறகு மொந்தேனைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1580-இல் முதன்முதலாக வெளிவந்த கட்டுரைகளில், புத்தகங்களைப் பற்றிப் பேசும் இடத்தில், அந்தப் பிரெஞ்சுக்காரர் இதே வெட்கத்தை ஒப்புக்கொள்கிறார். சில வருடங்களுக்கு முன் கவனமாகப் படித்து ஓரமெல்லாம் கிறுக்கிவைத்த புத்தகத்தையே புதிது என்று நினைத்துக் கையில் எடுத்தது அவருக்கு ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. புத்தகத்தை முடித்ததும் அதன் கடைசியில் தேதியையும், மொத்தத்தில் அதைப் பற்றித் தான் என்ன நினைத்தார் என்பதையும் எழுதிவிடுவது. அவ்வளவுதான். நட்சத்திரம் இல்லை, எண்ணிக்கை இல்லை, வருட முடிவில் பட்டியல் இல்லை. இந்த விஷயத்தில் அவர் சொன்னதற்கு மேல் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது. அந்த ஐந்து வருடத்தில் நான் பண்ணிய கூத்துகளைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதல் வருடம் நட்சத்திரம் போட்டேன். ஐந்துக்கு எத்தனை என்று. டிசம்பரில் உட்கார்ந்து பார்த்தால் 47 புத்தகத்தில் 31-க்கு நாலு நட்சத்திரம். கையே பழகிவிட்டிருக்கிறது. மூன்று போட்டால் எழுதியவர் மனம் புண்படுமோ என்பது போல ஒரு தயக்கம், ஐந்து போட்டால் நாளைக்கு இதைவிட நல்லது வந்தால் என்ன செய்வது என்று ஒரு கஞ்சத்தனம். எழுதியவர் என் நோட்டைப் பார்க்கப்போவதில்லை, பலர் இறந்தே பல காலம் ஆகிறது. ஆனாலும் நாலு. நாலு நட்சத்திரம் வாங்கிய ஒரு கவிதைத் தொகுப்பையும், நாலு நட்சத்திரம் வாங்கிய முதுகுவலிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதப் பிறவி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

அதனால் இரண்டாம் வருடம் நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டு ஒரு வாக்கியம் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். இதில் இன்னொரு சிக்கல் வந்தது. "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்ற சிக்கல். அடுத்த புத்தகம் கையில் வந்துவிடும், இரண்டு வாரம் கழித்து நாலு புத்தகத்துக்கு ஒரே மூச்சில் எழுத உட்காருவேன். அப்படி எழுதிய வாக்கியங்களை இப்போது பார்த்தால் எல்லாமே அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் வாசகங்கள். "மனித உறவுகளின் சிக்கலை நுட்பமாகச் சொல்கிறது." எந்தப் புத்தகம் சொல்லவில்லை?

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் மறதியைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். சோதனைக்கு ஆள் தேடவில்லை, தன்னையே வைத்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்வது, இடைவெளி விட்டு மறுபடி மனப்பாடம் செய்வது, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளப்பது. ஒரே நாள் கழிந்ததும் மிச்சமான உழைப்பு மூன்றில் ஒரு பங்குதான். அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிவிடுகிறது. அதாவது பெரும்பாலான நஷ்டம் முதல் நாளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நாவல் ஒன்றும் அர்த்தமில்லாத அசை இல்லை, சில நாவல்களைத் தவிர. ஆனாலும் என் அனுபவத்தில் புத்தகத்தை மூடிய அன்று இரவு எழுதியதற்கும் மூன்று நாள் கழித்து எழுதியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அன்றிரவு எழுதியதில் ஒரு வேலைக்காரியின் பெயர் இருக்கும், மழையில் நனைந்த ஒரு நாற்காலி இருக்கும். மூன்று நாள் கழித்து எழுதியதில் "மனித உறவுகள்" இருக்கும்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதி. வரியை எழுதாமல் அடுத்த புத்தகத்தைத் திறக்கக் கூடாது. நான் மீறாமல் வைத்திருக்கும் விதி வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

மூன்றாம் வருடம் எண்ணிக்கைப் பேய் பிடித்தது. வாரம் ஒன்று, வருடம் 52. வெளியே கேட்க அழகாக இருக்கிறது. செப்டம்பர் வரை நன்றாகத்தான் போனது. அக்டோபரில் ஒரு பெரிய வரலாற்று நூலில் மாட்டிக்கொண்டேன், ஐந்து வாரம் விழுங்கியது. நவம்பர் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒன்பது பாக்கி. அப்புறம் நான் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்புவீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். அலமாரி முன்னால் நின்று புத்தகங்களின் முதுகுத் தடிமனைப் பார்த்து எடுக்க ஆரம்பித்தேன். எண்பது பக்கக் குறுநாவல். நாடகம் ஒன்று. பெரிய எழுத்தில் அச்சான ஒரு சொற்பொழிவு. டிசம்பர் 30 இரவு 52-ஆவதை முடித்துவிட்டு, ஏதோ வட்டி கட்டி முடித்தவள் போலப் படுத்துக்கொண்டேன். அந்த ஒன்பதில் இன்றைக்கு எனக்கு நினைவிருப்பது ஒன்று. அந்த அக்டோபர்ப் புத்தகம் மட்டும் இன்னும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கில் அதுவும் ஒன்று, சொற்பொழிவும் ஒன்று.

பக்கத்தை எண்ணினால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. அதே கதை ஒரு பதிப்பில் 210 பக்கம், இன்னொரு பதிப்பில் 330. மின்நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமும் பெருகும். கண்ணாடி மாற்ற வேண்டியவர்கள் அதிகம் படித்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

ஆர்ட் கார்ஃபங்கல் என்ற அமெரிக்கப் பாடகர் 1968 ஜூன் மாதத்திலிருந்து தான் படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் குறித்து வைத்திருக்கிறார். பட்டியலைத் தன் இணையதளத்திலும் போட்டிருக்கிறார். ஆயிரத்தைத் தாண்டிய பட்டியல். ஆயிரம் என்றதும் மலைப்பாகத்தான் இருந்தது. அப்புறம் வகுத்துப் பார்த்தேன். அரை நூற்றாண்டில் ஆயிரம் சொச்சம் என்றால் மாதத்துக்கு இரண்டு. அவ்வளவுதான். மாதத்துக்கு இரண்டு என்பது ஒரு சாதாரணமான, நிதானமான வேகம். அவர் செய்த காரியம் வேகமாகப் படித்தது இல்லை, விடாமல் எழுதியது. அன்றோடு என் 52 செத்தது.

எண்ணிக்கை போனாலும் எதைப் படித்தது என்று சொல்வது என்ற வழக்கு மட்டும் எனக்கும் எனக்கும் இடையில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நடந்துகொண்டே காதில் கேட்ட ஒலிப்புத்தகம்? ஆரம்பத்தில் சேர்க்கவில்லை, பார்வையில்லாத ஒரு நண்பர் என்னைப் பார்த்து, "அப்போ நான் வாழ்நாள்ல ஒண்ணும் படிக்கலையா?" என்று கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு சேர்த்தேன். மறுவாசிப்பு? சேர்க்கிறேன், "மறு" என்று பக்கத்தில் போட்டு. குழந்தைக்குப் படித்துக் காட்டிய படக்கதைப் புத்தகம்? ஒரே புத்தகத்தை ஒரு வருடத்தில் எண்பது தடவை படித்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு இன்றும் சொல்வேன். நான் மிக நன்றாகப் படித்த புத்தகம் அநேகமாக அதுதான். தொகுப்பில் மூன்று கதை மட்டும் படித்தது? அகராதி? அகராதியைச் சேர்க்கவில்லை, கை கூசியது. ஆனால் போன வருடம் நான் அதிக மணி நேரம் செலவிட்ட புத்தகம் எது என்று கறாராகக் கேட்டால் அகராதிதான்.

கவிதைத் தொகுப்புகளுக்கு முடித்த தேதி போடுவதை நிறுத்திவிட்டேன். ஒன்று 2020 மார்ச்சில் ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறேன், எங்கேயாவது திறக்கிறேன், ஒன்றோ இரண்டோ படிக்கிறேன். முடித்த தேதிக் கட்டம் காலியாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய நோட்டின் முதல் வரியாக அதைத்தான் எடுத்து எழுதுகிறேன்.

இப்போது நோட்டு இருக்கும் நிலையைச் சொல்கிறேன். சாதாரண கோடு போட்ட நோட்டு. இடது பக்கத்தில் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஆரம்பித்த தேதி, முடித்த தேதி. மொழிபெயர்ப்பாளர் பெயரை முதல் இரண்டு வருடம் எழுதவில்லை. அது என் தவறு. நான் எந்த ரஷ்யரின் நடை, எந்த லத்தீன் அமெரிக்கரின் நடை என்று மயங்கிக்கொண்டிருந்தேனோ அதில் பாதிக்கு மேல் ஒரே மொழிபெயர்ப்பாளரின் நடை என்று பிறகுதான் புரிந்தது. வலது பக்கம் வெறுமையாக விடப்படும். அன்றிரவு எழுதும் வரிகள் அங்கே.

இதில் இரண்டு விஷயம் பின்னால் சேர்ந்தது. ஒன்று, "யார் சொல்லி" என்பது. இந்தப் புத்தகம் என் கைக்கு எப்படி வந்தது? ஒருவர் சொன்னார், இன்னொரு புத்தகத்தின் அடிக்குறிப்பில் இருந்தது, சும்மா அட்டை பிடித்தது. இரண்டு வருடம் எழுதியதும் ஒன்று தெளிவானது. எனக்கு உண்மையிலேயே பிடித்தவற்றில் பெரும்பகுதி மூன்றே மூன்று பேர் வழியாக வந்திருக்கிறது. அதில் ஒருவர் பேசவே பேசாத ஆள், வருடத்துக்கு ஒரு புத்தகப் பெயர்தான் சொல்வார், அதையும் தயங்கித் தயங்கி. "கட்டாயம் படிக்க வேண்டிய நூறு" வகைப் பட்டியல்களிலிருந்து வந்தவை நிறைய, ஆனால் அவை பெரும்பாலும் கோடு போட்ட கட்டத்தில் முடிந்திருக்கின்றன.

அந்தக் கோடுதான் இரண்டாவது. எங்கே விட்டேன்.

படித்து முடித்ததை மட்டும் எழுதும் நோட்டு ஒரு பாராட்டு விழா மேடை மாதிரி. வந்தவர்கள் மட்டும் இருப்பார்கள். விட்டதையும் எழுத ஆரம்பித்ததும் நோட்டின் முகமே மாறிவிட்டது. என் கோடுகளை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலானவை 80-க்கும் 120-க்கும் நடுவில் விழுகின்றன. முதல் ஐம்பது பக்கம் ஆர்வத்திலேயே ஓடிவிடும். புத்தகம் தன் சொந்தக் காலில் நடக்க வேண்டிய இடம் அதற்கப்புறம்தான் வருகிறது. போனில் படித்தவற்றில் கோடு அதிகம், மூன்றுக்கு இரண்டு. இரவு பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்தவை ஏறக்குறைய எல்லாமே கோடு. "மிகச் சுமாரான நாவல்" என்று நான் எழுதி ஒதுக்கியதில் எத்தனை உண்மையில் என் தூக்கத்தைப் பற்றிய குறிப்பு என்று யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் டார்வினைச் சொல்லியாக வேண்டும். அவர் 1838-இலிருந்து 1860 வரை படித்த புத்தகங்கள், படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று இரண்டு வகையாகவும் நோட்டுப் போட்டவர். 1876-இல், வயதான காலத்தில், தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போது, 1838 அக்டோபரில் மக்கள்தொகை பற்றிய மால்தஸின் நூலைப் பொழுதுபோக்காகப் படிக்க நேர்ந்தது என்றும், அதிலிருந்துதான் இயற்கைத் தேர்வு என்ற யோசனை பிடிபட்டது என்றும் சொல்கிறார். அழகான காட்சி. ஆனால் அவருடைய சொந்தக் குறிப்பேட்டில் மால்தஸ் வரும் இடத்தில் போட்டிருக்கும் தேதி 1838 செப்டம்பர் 28. 38 வருடம் கழித்து எழுதுகிறவருக்கு இத்தனை நெருக்கமாக நினைவிருந்ததே பெரிது, ஒருசில நாள் பிசகை யாரும் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. என்னை நிறுத்தியது "பொழுதுபோக்காக" என்ற சொல். அதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே, 1837 ஜூலையில், உயிரினங்கள் மாறுவதைப் பற்றிய முதல் நோட்டை அவர் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தற்செயலாகத் திறந்த புத்தகத்தில் விளக்கு எரிந்தது என்பது நினைவு தரும் கதை. ஒரு பெரிய கேள்வியோடு ஒரு வருடத்துக்கும் மேலாக அலைந்தவர் கையில் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது என்பது நோட்டு தரும் கதை. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்.

டார்வினையும் என் பச்சை அட்டை நாவலையும் ஒரே மூச்சில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் நினைவு செய்கிற வேலை ஒரே வேலை. அது நடந்ததை வைத்திருப்பதில்லை, கதையாகத் தைத்துவைக்கிறது. பிசிறு இருந்தால் வெட்டிவிடுகிறது. முடிக்காததை முடித்துவைக்கிறது.

நோட்டா, செயலியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கம். ஒரு செயலியில் ஒன்றரை வருடம் எழுதினேன். ஒருநாள் அந்தச் சேவையை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பார்த்தபோது மூடிவிட்டிருந்தார்கள். என் ஒன்றரை வருடம் போனது. அன்றிலிருந்து எழுதுவது காகிதத்தில், மாதக் கடைசியில் தலைப்பும் தேதியும் மட்டும் கணினியில் ஒரு விரிதாளில் ஏறும். தேடுவதற்கு அது, திரும்பிப் படிக்க இது.

விரிதாளில் ஏற்றும்போதுதான் தமிழில் படிக்கிறவர்களுக்கே உரிய ஒரு தலைவலி வந்தது. போன வருடம் தஸ்தயெவ்ஸ்கி என்று தேடினேன். ஒரே ஒரு புத்தகம் வந்தது. ஒன்றுக்கு மேல் படித்தது நிச்சயம். ஓட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் தாஸ்தாயெவ்ஸ்கி, இன்னோரிடத்தில் டாஸ்டாயெவ்ஸ்கி. அந்தந்த அட்டையில் எப்படி இருந்ததோ அப்படியே எழுதியிருக்கிறேன். கணினிக்கு அவர்கள் மூன்று தனி ஆட்கள். மூவரையும் ஒருவராக்கவும், டால்ஸ்டாய்க்கும் தல்ஸ்தோய்க்கும் சமரசம் செய்துவைக்கவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நம் ஆசிரியர்கள் வேறு வகை. தலைப்பெழுத்தை முதலில் எழுதும் வழக்கத்தால் அகரவரிசைப்படுத்தினால் கு. அழகிரிசாமியும் கு.ப. ராஜகோபாலனும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அதை மட்டும் நான் மாற்றவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பொருளடைவு வைத்திருக்கிறேன். இது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிடமிருந்து திருடியது. படித்ததில் பிடித்ததை எழுதிவைக்கும் நோட்டை எப்படி அடைவு செய்வது என்று அவர் ஒரு வழிமுறை சொல்லியிருந்தார். பிரெஞ்சில் 1686-இலும், அவர் இறந்தபிறகு ஆங்கிலத்தில் 1706-இலும் அது வெளிவந்தது. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்து, அதன் பிறகு வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கட்டம். இருபது எழுத்து, ஐந்து உயிர், ஆக நூறு கட்டம். படிக்கும்போது சிரிப்பு வந்தது. பாவம், அவருக்கு உயிர்மெய் எழுத்து இல்லை. அவர் இரண்டு எழுத்தைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டிய கட்டம் நமக்கு ஒரே எழுத்தாகப் பிறக்கும்போதே இருக்கிறது. எந்தெந்த எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்கும் என்று எண்ணிப் பார்த்தேன், எனக்கும் நூற்றை ஒட்டித்தான் வந்தது. ஒரு பக்கத்துக்குப் பத்துக் கட்டம் வீதம் பத்துப் பக்கம். "ப" கட்டத்தில் இப்போது பசி, பயணம், பனி, பழி நாலும் வரிசையாக நிற்கின்றன, எதிரில் பக்க எண்கள். இந்த நாலும் ஒன்றாக நிற்பதைப் பார்த்து ஒருநாள் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் கொஞ்ச காலம் இந்த வரிகளை நண்பர்கள் பார்க்கும்படி பொதுவில் போட்டு வந்தேன். மூன்றே மாதத்தில் நிறுத்தினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, என் வரிதான் கெட்டுப்போனது. தனியாக எழுதும்போது "புரியவில்லை" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போவேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் அந்தச் சொல் பேனாவிலிருந்து வரவே இல்லை. "தன் வாசகரிடம் அதிகம் கோரும் படைப்பு" என்று வந்தது. அந்த மூன்று மாதப் பக்கங்களில் ஒரு இடத்தில்கூட நான் எதையும் புரியாமல் படிக்கவில்லை. அப்படி ஒரு புத்திசாலி.

2023 நோட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. மார்ச் 11-க்கும் ஏப்ரல் 29-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கோடுகூட இல்லை. வருட முடிவில் திருப்பிப் பார்த்தபோது, ஏதோ பெரிய துக்கமோ வேலைச் சுமையோ இருந்திருக்க வேண்டும், பாவம் நான், என்று என்மேலேயே ஒரு இரக்கம் வந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அந்த ரெண்டு மாசம் எனக்கு என்ன ஆச்சு?"

அவர் யோசிக்கவே இல்லை. "ராத்திரி பூரா போன்ல செஸ் ஆடிட்டிருந்தியே. தோத்துத் தோத்து யாரோ முகம் தெரியாத ஆளைத் திட்டிட்டிருப்பே."

செஸ் என்று எழுதிக் கட்டத்தை நிரப்பிவைத்திருக்கிறேன். மார்ச் 11 முதல் ஏப்ரல் 29 வரை, செஸ். "யார் சொல்லி" என்ற இடத்தில் அவர் பெயர்.

அக்காவிடம் அன்று மாலையே திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பை எழுத்தில் போட முடியாது. "இத்தனை வருஷமா ஊருக்கே உபதேசம் பண்ணிட்டிருந்தியேடி! சரி, நீ முதல்ல முடி. முடிச்சுட்டு சோகமா இல்லையான்னு சொல்லு. நான் அப்புறம் வாங்கிக்கறேன்."

ஆரம்பத்திலிருந்து மறுபடி எடுத்தேன். புதிய வரி, புதிய தேதி, "மறு" என்று போடலாமா கூடாதா என்று கொஞ்சம் திகைத்துவிட்டு "பாதி மறு" என்று போட்டேன். பாகப்பிரிவினை வந்தது, கண் தெரியாத பெரியவர் வந்தார். எல்லாம் நினைவிருந்தபடியேதான் இருந்தது. நேற்று இரவு 140-ஐத் தொட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். இதோ வரப்போகிறது, அன்றைக்குத் தாங்க முடியாமல் போனது எதுவோ அது. 141. 142.

143-ஆம் பக்கத்தில் பெரியவர் முற்றத்தில் உட்கார்ந்து கயிற்றுக் கட்டிலின் தொய்ந்த கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டுகிறார். கையால் தடவித் தடவி முடிச்சுப் போடுகிறார். பேத்தி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதவிக்குப் போகவில்லை. அவ்வளவுதான். சாவு இல்லை, சண்டை இல்லை. இரண்டு முறை படித்தேன். அடுத்த பக்கமும் அதே கயிறுதான்.

பழைய நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "தாங்கவில்லை" என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன், அழுத்தி எழுதியதில் பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது. என்ன தாங்கவில்லை என்று எழுதவில்லை. அந்த வாரத்து வேறு வரிகளைப் பார்த்தேன். முதல் நாள் முடித்த ஒரு பயண நூலைப் பற்றி இரண்டு வரி, மறுநாள் ஆரம்பித்த ஒரு துப்பறியும் கதை. வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இப்போது 151-இல் இருக்கிறேன்.